பணி நேரத்தில் படுத்திருந்தவர்

அவையின் அமைதிக்கும் அதைக் கலைக்கப்போகும் என் ஒலிபெருக்கிக்கும் நடுவே பொறுமையோடு வீற்றிருக்கும் தலைவர் அவர்களே. பகலெல்லாம் கடையில் கண்ணாடி அறுத்து, மாலையானால் எங்கள் கர்வத்தை அறுக்கும் பயிற்சியாளர் அவர்களே. முழங்கால் முனகியபோதும் முப்பத்திரண்டு படியேறி வந்திருக்கும் மூத்தோர்களே. பிள்ளைகள் சண்டை கற்பார்கள் என்று நம்பி அனுப்பி, அவர்கள் கட்டிப்பிடித்து உருள்வதைக் கண்டு கலங்கிப்போயிருக்கும் தாய்மார்களே. கீழ்த்தளத்து டயர் கடையை இன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே அடைத்து என் குரலுக்கு வழிவிட்ட கடைக்காரத் தம்பி அவர்களே. வெள்ளையும் நீலமும் ஊதாவும் பழுப்புமாய் இடுப்பில் பட்டை கட்டி அமர்ந்திருக்கும் தோழர்களே, தோழியர்களே. மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் நிதானக்கா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘ஓபன் கார்டு ஆடுவது எப்படி?’ படுத்துக்கொண்டு செய்கிற வித்தையைப் பற்றி நின்றுகொண்டு பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் யாரை? இந்தக் கூடத்திலேயே அந்த வித்தையில் கடைசியில் நிற்கும் என்னை. தேர்வில் தோற்றவனைக் கூப்பிட்டு விடைத்தாள் திருத்தச் சொன்னது போல இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு தகுதி உண்டு. ஓபன் கார்டின் மீது எழுத்து மூலம் குற்றம் சாட்டிக் கையெழுத்துப் போட்டவன் இந்த அவையில் நான் ஒருவன்தான்.

அன்பர்களே, நம் தமிழ் படுத்தவனுக்கு என்ன மரியாதை தந்திருக்கிறது? வியாபாரம் நொடித்தால் ‘படுத்துவிட்டது’ என்கிறோம். தொல்லை தருகிறவனைப் ‘படுத்துகிறான்’ என்கிறோம். தோற்றவன் மண்ணைக் கவ்வுகிறான். வென்றவனோ நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். நிற்பது வீரம், விழுவது ஈனம். இப்படியே கேட்டு வளர்ந்தவன் நான். இப்படியே பேசிக் கைதட்டலும் வாங்கியவன் நான். எங்கள் மருத்துவமனையின் ஆண்டு விழாக்களில் ‘நிமிர்ந்து நில்’ என்ற தலைப்பில் ஒன்பது முறை பேசியிருக்கிறேன். அங்கே பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். ஒன்பதையும் கேட்டவர் போலிருக்கிறது.

ஆம், நான் இருபத்தாறு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் நிர்வாக அலுவலர். யார் தாமதம், யார் சட்டையில் பொத்தான் இல்லை, எந்த வார்டில் வாளி இடம் மாறியிருக்கிறது என்று பார்த்துக் குறிப்பாணை எழுதுவது என் தொழில். எனக்கு ‘மெமோ மன்னர்’ என்று பட்டப்பெயர். அதை வைத்தவர்கள் நான் அறியமாட்டேன் என்று நினைத்தார்கள். நான் அறிவேன். பெருமைப்படவும் செய்தேன்.

நிதானக்கா அதே மருத்துவமனையில், மூன்றாம் மாடி அறுவை வார்டில் பணியாளர். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நாற்பத்தெட்டு கிலோ. நோயாளிகளை நடக்க வைக்கும்போது ‘நிதானம், நிதானம்’ என்று சொல்லிக்கொண்டே கூட நடப்பார், அதுவே பெயராகிவிட்டது. ஒருநாள் இந்தப் படிக்கட்டின் அடியில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்தாராம். ‘உங்களைவிடக் கனமானவரைச் சமாளிக்கும் கலை’ என்று போட்டிருந்தது. தொண்ணூறு கிலோ ஆளைக் கட்டிலில் புரட்டிப் போடுவதுதானே அவர் தினமும் செய்யும் வேலை? நேரே மாடியேறி வந்து, “ஒரு ஆளை முதுகு பிடிச்சுக்காம திருப்பணும், சொல்லித் தருவீங்களா?” என்று கேட்டிருக்கிறார். பயிற்சியாளர், “திருப்பலாம்மா, ஆனா முதல்ல நீங்க கீழ படுக்கணும்” என்றாராம். அக்காவுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

தரையில் உருண்டு பொருதும் இந்தப் பிரேசிலியன் ஜியு ஜிட்சுவில் ‘கார்டு’ என்றால் காவல். நீங்கள் கீழே, எதிரி மேலே. கால்களால் அவன் இடுப்பைச் சுற்றிக் கணுக்காலைப் பூட்டிக்கொண்டால் அது மூடிய காவல். பூட்டைத் திறந்துவிட்டு, பாதங்களையும் கைகளையும் நான்கு காவல்காரர்களைப் போல் நிறுத்தினால் அது ஓபன் கார்டு. பூட்டு இல்லாத வீட்டைக் காப்பது எப்படி? காவல்காரன் தூங்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். தூங்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. பார்வையாளர் நேரம் தொடங்கவில்லை. மூன்றாம் மாடி வார்டின் கோடியில், இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு குறுகிய இடைவழி. அதன் முடிவில் ஒரு பெரிய ஜன்னல். வண்ணம் பூசுவதற்காக அன்று அந்த ஜன்னலின் கம்பிகளைக் கழற்றியிருந்தார்கள். கழற்றச் சொன்ன உத்தரவில் இருந்தது என் கையெழுத்து. ஜன்னலுக்கு நாலு தப்படி தள்ளி ஒரு பக்கக் கதவு. அந்தக் கதவின் வழியாகத்தான் நான், பொத்தான்களைச் சரிபார்க்க, கையில் கோப்போடு உள்ளே வந்தேன்.

கடைசிக் கட்டிலில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி. மலை போன்ற மனிதர். குடலில் அறுவை முடிந்து மூன்றாம் நாள். காய்ச்சல் தலைக்கேறி நினைவு தடுமாறியிருந்தது. அவர் மனைவி, தையல் வேலை செய்பவர், வெந்நீர் பிடிக்கக் கீழே போயிருந்தார். அந்த இடைவெளியில் இவர் எழுந்துவிட்டார். “லோடு சரியுது, குதிங்க, எல்லாரும் குதிங்க” என்று கத்திக்கொண்டு ஜன்னலை நோக்கி நடந்தார். அவர் கண்ணுக்கு அது லாரியின் விளிம்பு. நமக்கு அது மூன்றாம் மாடி.

நிதானக்கா ஓடிவந்து குறுக்கே நின்றார். அந்த மனிதர் ஒரு தள்ளுத் தள்ளினார். நாற்பத்தெட்டு கிலோ பறந்து ஜன்னலடியில் மல்லாந்து விழுந்தது.

விழுந்தவர் என்ன செய்தார்? நானாக இருந்தால் கண்ணை மூடியிருப்பேன். நீங்களாக இருந்தால் எழுந்திருக்கப் பார்ப்பீர்கள். அவர் எழவில்லை. முதுகைத் தரையில் முழுசாகக் கொடுக்காமல் தோளைத் தூக்கி, ஒரு பக்க இடுப்பில் சாய்ந்துகொண்டார். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டார். அந்த மனிதர் அவரைத் தாண்ட அடியெடுத்தபோது அக்காவின் இரண்டு பாதங்களும் அவருடைய இடுப்பு எலும்புகளில் போய் உட்கார்ந்தன. ஒரு கை சட்டையின் வலது கை நுனியைச் சுருட்டிப் பிடித்தது. வலது கையை மட்டும்தான். இடது புறங்கையில் மருந்து ஏறும் ஊசி இருந்தது. அந்த அவசரத்திலும் ஊசி இருக்கும் கையை அவர் தொடவில்லை.

அந்த மனிதர் இடப்பக்கம் போனார். அக்காவின் இடுப்பும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் போனார், அதுவும் கூடவே போனது. ஒரு பாதத்தைத் தட்டிவிட்டார். அது முழங்காலில் போய் நின்றது. முழங்காலிலிருந்து தள்ளினார், மறுபடி இடுப்புக்கு வந்தது. கால்களை விறைப்பாக நீட்டவில்லை, நீட்டினால் மடங்கிவிடும். கொஞ்சம் மடக்கியே வைத்திருந்தார், வில்லைப் போல. அந்த மனிதர் முன்னால் சாய்ந்தால் அக்கா இடம் கொடுத்தார், பின்னால் போனால் கூடவே போனார், கைப்பிடியை மட்டும் விடவில்லை. இதற்கிடையே வாய் வேறு பேசிக்கொண்டே இருந்தது: “நிதானம் அண்ணே, லோடு சரியல. நான் பிடிச்சிருக்கேன். நிதானம்.”

அப்போது அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“சார், அந்த ஜன்னலச் சாத்துங்க.”

நாலு தப்படி, அன்பர்களே. நோயாளியின் பக்கம்கூடப் போக வேண்டாம். சுவரோரமாய் நாலு தப்படி நடந்து இரண்டு கதவுகளை இழுத்துத் தாழ்ப்பாள் போட வேண்டும். ‘நிமிர்ந்து நில்’ என்று ஒன்பது முறை முழங்கியவன் என்ன செய்தேன் தெரியுமா? நிமிர்ந்து நின்றேன். கோப்பை மார்போடு அணைத்து, நிமிர்ந்து, நேராக, அசையாமல் நின்றேன். அப்புறம் ஓரடி பின்னால் வைத்தேன். அப்புறம் கதவை என் பக்கமாகச் சாத்திக்கொண்டேன். சாத்தச் சொன்னது ஜன்னலை. நான் சாத்தியது கதவை. உத்தரவில் பாதியை நிறைவேற்றிய திருப்தி எனக்கு.

வேறொரு நோயாளி மணியடித்து, மருத்துவமனைக் காவலர்கள் வர ஐந்து நிமிடம் ஆயிற்று. மின்தூக்கி கீழ்த்தளத்தில் துணி வண்டியோடு மாட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் வந்தபோது அந்த மனிதர் களைத்துப்போய், நிதானக்காவின் கால்களில் மெல்லச் சறுக்கி இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் சட்டையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் காவலர்களோடு சேர்ந்து, அப்போதுதான் வருகிறவனைப் போல உள்ளே வந்தேன்.

இனி என் திறமையைக் கேளுங்கள். கம்பியைக் கழற்றியது யார் என்று கேள்வி வரும். அங்கே யார் இருந்தார்கள் என்று கேள்வி வரும். கேள்வி வருமுன் நான் ஒரு கேள்வியை எழுப்பிவிட வேண்டாமா? திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் குறிப்பாணை தயார். ஒன்று, பணி நேரத்தில் தரையில் மல்லாந்து படுத்திருந்தமை. இரண்டு, வயிற்றில் தையலிட்ட நோயாளியின் மீது கால் வைத்தமை. மூன்று, சீருடையின் மாண்பைக் குலைத்தமை. என் வாழ்நாளிலேயே அழகான நடையில் அமைந்த குறிப்பாணை அது. இரண்டாம் பத்தியில் எதுகைகூட இருந்தது.

இரண்டு வாரத்தில் விசாரணை. அறுவை மருத்துவர் தலைவர், தலைமைச் செவிலியர் உறுப்பினர், குற்றச்சாட்டை எடுத்துரைப்பவன் நான். நோயாளியின் தரப்பில் அந்தத் தையல்கார மனைவி, சட்டைக் கையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்க, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குற்றம் நிரூபணமானால் நிதானக்காவின் வேலை போய்விடும். அவர் மாமியாரும் இரண்டு பெண்களும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள்.

மருத்துவர் கேட்டார்: “என்னம்மா, அஞ்சு நிமிஷம் கீழயே இருந்திருக்கீங்க. ஏன் எந்திரிக்கல?”

“எந்திரிக்கணும்னா பிடிய விடணும் சார். நான் எந்திரிக்க ரெண்டு செகண்டு ஆகும். அவரு ஜன்னலத் தாண்ட ஒரு செகண்டு போதும்.”

“சரி. தையல் போட்டவர் மேல கால வெச்சிருக்கீங்களே?”

“வயித்துல வெக்கல சார், இடுப்பு எலும்புல வெச்சேன். நீங்க போட்ட தையல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்குக் காலைல நான்தான துடைச்சுவிட்டேன்.”

மருத்துவர் நோயாளியின் கோப்பைத் திறந்து பார்த்தார். “ஒரு தையல்கூடப் பிரியல,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, “எப்படின்னு காட்ட முடியுமா?” என்றார்.

“காட்டலாம் சார். ஆனா ஆள் கொஞ்சம் கனமா வேணும்.”

நான்கு ஜோடிக் கண்கள் என் பக்கம் திரும்பின. எனக்கு அப்போது தொண்ணூற்று நான்கு கிலோ. முன்வரிசைத் தாய்மார்கள் இப்போது எவ்வளவு என்று கேட்கிறார்கள். தொண்ணூற்று இரண்டு. இந்தக் கலை உடலை உருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

விசாரணை அறையில் ஒரு போர்வையை விரித்தார்கள். நிதானக்கா படுத்தார். “சார், ஜன்னல் என் பின்னாடி இருக்கு. போங்க” என்றார். போனேன். போக முயன்றேன் என்று திருத்திக்கொள்கிறேன். அவர் காலைத் தள்ளினேன், திரும்பி வந்தது. சுற்றிப் போனேன், எங்கே போனாலும் அவர் முகம் எனக்கு எதிரே இருந்தது. என் கை அவர் பிடியில். அதை இழுத்தால் நானும் கூட வந்தேன். ஒன்றரை நிமிடத்தில் என் கண்ணாடி வியர்வையில் வழுக்கியது.

“உங்களுக்குத் தையல் எதுவும் இல்லையே சார், மிச்சத்தையும் காட்டவா?”

“காட்டு” என்றேன், மூச்சு வாங்க, அதிகாரம் குறையாமல்.

முழுக் கனத்தையும் கொண்டு சாய்ந்தேன். அவர் ஒரு கையால் என் கணுக்காலைப் பிடித்தார்; ஒரு குதிகால் என் மற்றக் காலுக்குப் பின்னால் போயிற்று; இடுப்பில் இருந்த பாதம் ஒரு தள்ளு, கதவைத் திறக்கிற அளவுதான். நான் உட்கார்ந்தேன். விழுந்தேன் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர் என் சட்டைக் கையை விடாமல் பிடித்து, தலை அடிபடாமல் இறக்கி வைத்தார்.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். என் இடுப்பில் ஊன்றியிருந்த அவர் பாதங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றரை நிமிடத்துக்கே இந்த நடுக்கம். அன்று ஐந்து நிமிடம்.

மருத்துவர் கேட்டார்: “அன்னிக்கு வார்டுல வேற யாரும் இல்லையாம்மா?”

“நோயாளிங்க இருந்தாங்க சார்.”

“நடமாடக்கூடிய ஆள் யாராவது?”

நிதானக்கா எழுந்து போர்வையை மடிக்கத் தொடங்கினார். அவர் எழுதிக் கொடுத்த நான்கு பக்க விளக்கத்திலும் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் வரி வரியாகத் தேடிப் பார்த்திருந்தேன். ஒரு வரி எழுதியிருந்தால் அவர் தப்பித்திருப்பார், நான் மாட்டியிருப்பேன். எழுதவில்லை. அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“நான் இருந்தேன்” என்றேன். “கதவுகிட்ட. ஜன்னலச் சாத்தச் சொன்னாங்க. நான் சாத்தல.”

தலைமைச் செவிலியர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஏன் சார்?” என்று மருத்துவர் கேட்டார்.

“பயம்.”

அத்தனை ஆண்டுகளில் எந்தக் கோப்பிலும் நான் எழுதியிராத சொல் அது.

அடுத்து அந்தத் தையல்கார மனைவிதான் பேசினார். என்னைப் பார்த்து அல்ல, நிதானக்காவைப் பார்த்து. “காய்ச்சல் விட்டதும் அவரு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாருக்கா. லோடு சரிஞ்சப்ப யாரோ கீழ இருந்து பிடிச்சுக்கிட்டாங்கன்னு. கனவு கண்டிருக்காருன்னு நினைச்சேன்.”

நிதானக்கா அதைக் கேட்டுத்தான் அழுதார். குறிப்பாணை கையில் வாங்கியபோது அழவில்லை. விசாரணைக்கு வந்தபோது அழவில்லை. அப்போதுதான், மடித்த போர்வையை முகத்தில் வைத்துக்கொண்டு.

குறிப்பாணை ரத்தானது. அடுத்த வாரம் ஒரு புதிய குறிப்பாணை பிறந்தது, எனக்கு. ‘பணி நேரத்தில் கதவருகே நின்றுகொண்டிருந்தமை.’ அதைத் தட்டச்சு செய்த என் உதவியாளர் வாசகம் சரியா என்று என்னிடமே கொண்டுவந்து காட்டினார். ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன். கம்பி கழற்றிய உத்தரவுக்கும் சேர்த்து எனக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது. அந்த நிற்றலுக்கு மட்டும் யாரும் கைதட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் நிதானக்காவிடம் போய், “அந்தக் கூடம் எங்க இருக்கு?” என்று கேட்டேன். “டயர் கடை மாடி சார். சாப்பிட்டு உடனே வராதீங்க” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை, சொல்லவில்லை. எனக்கு முதல் நாள் ஓபன் கார்டு சொல்லித் தந்தவர் அவர்தான். நான் குழந்தை போல் இரண்டு காலையும் காற்றில் உதைத்துக்கொண்டு கிடந்தபோது, “சார், வெறுங்கையோட படுத்தா அது தூக்கம். எதையாவது பிடிங்க” என்றார். பிடித்தேன். “பிடிச்சாச்சுல்ல, இப்பக் காலை வேலைக்கு அனுப்புங்க” என்றார். இரண்டு ஆண்டுகளாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அவை பெரும்பாலும் விடுப்பில் இருக்கின்றன.

அந்தச் சுமைதூக்கும் தொழிலாளி நலம். முன்பு போல் பாரம் தூக்கக் கூடாது என்பதால் கிடங்கில் எடைபோடும் வேலை பார்க்கிறார். மருத்துவமனையின் எல்லா வார்டுப் பணியாளர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும் என்று அறுவை மருத்துவர் எழுதிய கோப்பு, பதினோரு மேசைகளில் படுத்து, புரண்டு, பதினான்கு மாதம் கழித்து எழுந்து வந்தது. வரும் புதன்கிழமை முதல் வகுப்பு. நடத்தப்போகிறவர் தூணுக்குப் பின்னால் இருக்கிறார்.

பெரியோர்களே, தாய்மார்களே, இங்கே கற்க வந்திருக்கும் இளையோர்களே, விழுவீர்கள். நான் எத்தனை மேடையில் எத்தனை விதமாக முழங்கினாலும் விழுவீர்கள். நோய் தள்ளும், நொடி தள்ளும், நம்பியவர் தள்ளுவார்கள், நாலு பேர் பார்க்கத் தள்ளுவார்கள். விழுந்த கணத்தில் கை எதைப் பிடித்திருக்கிறது? முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? உங்களைத் தாண்டிப் போனால் யார் விழுவார்? அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்பதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் கிடைப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் ஜன்னலைச் சாத்துவார்கள் என்பதை, ஒரு நிபுணனாகவே சொல்கிறேன், விரல்விட்டு எண்ணிவிட முடியும்.

ஒரு கடமை பாக்கி. குறிப்பாணையை ரத்து செய்த ஆணையில் கடைசி வரி இப்படி இருக்கும்: ‘நிகழ்ந்தமைக்கு வருந்தப்படுகிறது.’ அதை வரைந்தவன் நான்தான். யார் வருந்துகிறார்கள்? எதற்கு வருந்துகிறார்கள்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. ஆள் இல்லாமல் வாக்கியம் அமைப்பதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன். இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் உங்களோடு உருண்டிருக்கிறேன், அக்கா. ஒருநாளும் இதைச் சொல்லவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் சொல்கிறேன். நீங்கள் கூப்பிட்டீர்கள், நான் வரவில்லை. அதை மறைக்க உங்கள் வேலையைப் பறிக்கப் பார்த்தேன். நான் வருந்துகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

அக்கா எழுந்து நிற்கிறார். என்னவோ சொல்கிறார். கொஞ்சம் அமைதியாக இருங்கள், கேட்கவில்லை.

“சரி சார்” என்கிறார். “மைக்க அடுத்தவங்ககிட்ட குடுங்க, நேரமாச்சு” என்கிறார்.

கொடுத்துவிடுகிறேன். இதுவரை பொறுத்திருந்த அவைக்கும், பேச இடம் கொடுத்த தலைவருக்கும், தோற்கத் தோற்கத் துரத்தாமல் சேர்த்துக்கொண்ட பயிற்சியாளருக்கும், பெயர் சொல்லாமல் விட்ட நான்கு பக்கங்களுக்கும் என் நன்றி. எல்லோரும் பத்திரமாகப் படியிறங்கிப் போய் வாருங்கள். வணக்கம்.